இருதிசைத் தேடல்: இரண்டு பக்கமும் சந்தித்த பிறகும் என் வழி ஏன் நீளமாக வருகிறது?

#1 · லோரிக்கணக்கன் · சுங்கை சிப்புட் · இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில் லோரிக் கணக்கு எழுதுகிறேன். கல்லூரியில் கற்ற நிரலை மறந்துவிடக் கூடாது என்பதற்காக, இரவில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு ஒரு சின்ன வேலை செய்து வருகிறேன். வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போகவேண்டும், தாமதித்தால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும் என்பது தோட்டத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. எந்த பிளாக்கிலிருந்து எந்தச் சாலை வழியாக லோரி போனால் தூரம் குறையும் என்பதைக் கணினி சொல்லவேண்டும். அதுதான் ஆசை.

தோட்டத்துச் சாலைகளை 412 சந்திப்புகளாகக் குறித்துவிட்டேன். பிளாக்கிலிருந்து ஒரு தேடல், ஆலையிலிருந்து ஒரு தேடல், இரண்டும் ஒன்றையொன்று நோக்கி வரும்படி எழுதினேன். இரண்டும் ஒரே சந்திப்பைத் தொட்டதும் நிரல் நின்று வழியைச் சொல்லும். பெரும்பாலும் சரியாகத்தான் சொல்கிறது. ஆனால் 14-ஆம் பிளாக்கில் மட்டும் மானத்தை வாங்குகிறது.

அந்தப் பகுதி இப்படி இருக்கிறது. பிளாக்கிலிருந்து தார்ச்சாலை முச்சந்திக்கு 5 கிலோமீட்டர், அங்கிருந்து ஆலைக்கு 5. மொத்தம் 10. இன்னொரு வழி: பிளாக்கிலிருந்து காளியம்மன் கோயில் 3, கோயிலிலிருந்து பழைய பாலம் 3, பாலத்திலிருந்து ஆலை 3. மொத்தம் 9. நிரல் 10 கிலோமீட்டர் வழியைத்தான் காட்டுகிறது. எங்கே தவறினேன்?

#2 · ஏழாங்கட்டை · இரவு 10.05

412 சந்திப்புக்கு இருதிசையா? கொசு அடிக்கக் கோடாலி எடுத்திருக்கிறீர்கள், தம்பி. ஒரு பக்கமாக டைக்ஸ்ட்ரா என்பவரின் முறையை ஓட்டுங்கள்: கிளம்பிய இடத்துக்கு மிக அருகில் இருக்கும் சந்திப்பை முதலில் பார்த்துக்கொண்டே போவது. கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும், விடையும் தப்பாது. 1959-இல் அவர் வெளியிட்டது இன்றும் துருப்பிடிக்கவில்லை.

#3 · கிராணி மகள் · பினாங்கு · இரவு 11.20

ஏழாங்கட்டை சொல்வது பயன்பாட்டுக்குச் சரி. தம்பி கற்றுக்கொள்ளக் கேட்கிறார், அதனால் பதில் சொல்கிறேன். நானும் பேராக் தோட்டமொன்றில் பிறந்தவள்தான். பிளாக், கோயில், பாலம் என்றதும் கை தானாக எழுத வந்துவிட்டது.

சந்தித்ததும் நின்றதுதான் தவறு. உங்கள் நிரலை விரலால் பின்தொடர்ந்து பாருங்கள். முதல் அடியில் பிளாக்கைத் திறக்கிறது, அதாவது அங்கிருந்து போகும் சாலைகளைப் பார்க்கிறது: கோயில் 3, முச்சந்தி 5 என்று பட்டியலில் ஏறுகின்றன. மறுபக்கம் ஆலையைத் திறக்கிறது: பாலம் 3, முச்சந்தி 5. முச்சந்தி இரண்டு பட்டியலிலும் வந்துவிட்டது. "ஆஹா, சந்தித்துவிட்டோம்" என்று நிரல் கடையைக் கட்டிவிடுகிறது. கோயிலை இன்னும் திறக்கவே இல்லை. திறந்திருந்தால் பாலம் அடுத்த வீடு என்பது தெரிந்திருக்கும்.

சிலர் இன்னும் கொஞ்சம் கவனமாக, இரண்டு பக்கமும் ஒரே சந்திப்பை முழுதாக முடித்த (அதாவது திறந்து பார்த்துவிட்ட) பிறகு நிறுத்துவார்கள். அதுவும் போதாது. கோயில் முடியும், பாலம் முடியும், பிறகு முச்சந்தி இரண்டு பக்கமும் முடியும். இரண்டு பக்கத்திலும் முதலில் முடிந்தது முச்சந்திதான். அதன் வழியே போகும் பாதையைக் கொடுத்தால் மறுபடியும் 10.

செய்யவேண்டியது இது. இதுவரை கிடைத்ததில் மிகக் குறைந்த முழுவழியின் நீளத்தை ஒரு மாறியில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சாலைத் துண்டைப் பார்க்கும்போதும் அதன் மறுமுனை எதிர்ப்பக்கத்துக்குத் தெரியுமா என்று பார்த்து, தெரிந்தால் கூட்டிப் பார்த்து அந்த மாறியைக் குறையுங்கள். இரண்டு பட்டியல்களின் உச்சியில் இருக்கும் மிகச் சிறிய தூரங்களைக் கூட்டினால் அந்த மாறியை எட்டுகிறதா? அப்போதுதான் நிறுத்தவேண்டும். உங்கள் வரைபடத்தில் கோயிலைத் திறந்ததும் 3 + 3 + 3 = 9 கிடைத்துவிடும். கோயிலும் பாலமும் முடிந்தபின் உச்சியில் 5, 5. கூட்டினால் 10. அது 9-ஐத் தாண்டிவிட்டது, நிறுத்தலாம். முச்சந்தியைத் திறக்கவே வேண்டியதில்லை.

புதிய சிக்கல் என்று நினைக்காதீர்கள். இரண்டு முனையிலிருந்தும் குறுகிய வழி தேடுவதை நிக்கல்சன் 1966-லேயே எழுதிவிட்டார். இந்த நிறுத்தத்தில் தடுக்கி விழாமல் இருதிசை கற்றவர் யாரும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

#4 · லோரிக்கணக்கன் · மறுநாள் இரவு 8.55

அக்கா, மிக்க நன்றி. 9 வந்துவிட்டது. எல்லா பிளாக்குகளுக்கும் ஒரு பக்கத் தேடலோடு ஒப்பிட்டேன், ஒன்றும் தவறவில்லை.

மகிழ்ச்சியில் கை சும்மா இருக்கவில்லை. ஏ-ஸ்டார் என்ற தேடல் முறையில் செய்வதுபோல, ஆலை எந்தத் திசையில் இருக்கிறது என்பதையும் தேடலுக்குச் சொன்னால் வேகம் கூடுமே என்று ஹியூரிஸ்டிக்கை, அதாவது மீதித் தூரம் எவ்வளவு இருக்கும் என்ற யூகத்தை, சேர்த்தேன். முன்பக்கத் தேடலுக்கு ஆலை வரையிலான நேர்க்கோட்டுத் தூரம், பின்பக்கத் தேடலுக்கு பிளாக் வரையிலான நேர்க்கோட்டுத் தூரம். நிறுத்தும் விதியை நீங்கள் சொன்னபடியே விட்டுவிட்டேன். மறுபடியும் 10 வருகிறது. பேய் பிடித்ததுபோல் இருக்கிறது.

#5 · கிராணி மகள் · இரவு 10.30

பேய் இல்லை, நிறுத்தும் விதிதான். எண்களை வைத்தே பார்ப்போம். ஹியூரிஸ்டிக் என்பதை இனி யூகத்தூரம் என்கிறேன்.

உங்கள் வரைபடத்தின் நேர்க்கோட்டுத் தூரங்களை நானாக வைத்துக்கொள்கிறேன். பிளாக்கிலிருந்து ஆலைக்கு 7. கோயிலிலிருந்து ஆலைக்கு 5, பாலத்திலிருந்து பிளாக்குக்கு 5. முச்சந்தியிலிருந்து இரண்டுக்கும் 4. கோயில் பிளாக்குக்கு 2.5, பாலம் ஆலைக்கு 2.5.

ஏ-ஸ்டார் முறையில் ஒவ்வொரு சந்திப்புக்கும் "நடந்த தூரம் + யூகத்தூரம்" என்பதுதான் மதிப்பு. முன்பக்கத்தில் கோயில் 3 + 5 = 8, முச்சந்தி 5 + 4 = 9. பின்பக்கத்தில் பாலம் 8, முச்சந்தி 9. முச்சந்தி வழியாக 10 ஏற்கெனவே கையில் இருக்கிறது. இப்போது பழைய விதிப்படி உச்சிகளைக் கூட்டினால் 8 + 8 = 16. அது 10-ஐத் தாண்டிவிட்டது என்று நிரல் நின்றுவிடுகிறது.

பழைய விதியில் கூட்டியது நடந்த தூரங்களை. ஒருவர் நடந்ததும் இன்னொருவர் நடந்ததும் வேறு வேறு நிலம், கூட்டலாம். இப்போதோ ஒவ்வொரு மதிப்பும் முழுப் பயணத்தின் கணக்கு. இரண்டையும் கூட்டினால் ஒரே நிலத்தை இரண்டு முறை அளந்ததாகிறது. ஆகவே கூட்டக்கூடாது. இரண்டில் பெரியது கையில் இருக்கும் வழியை எட்டினால்தான் நிறுத்தவேண்டும். 8 என்பது 10-ஐ எட்டவில்லை, போய்க்கொண்டே இருக்கவேண்டும். கோயிலைத் திறந்தால் 9 கிடைக்கும். பாலமும் முடிந்தால் மீதியிருப்பதில் முச்சந்தியின் மதிப்பு 9, அங்கே நிற்கலாம். இடையில் முன்பக்கப் பட்டியலில் பாலம் 8.5 என்று தலை காட்டும். எதிர்ப்பக்கம் அதை முடித்துவிட்டதால் திறக்காமலே கழித்துவிடலாம். இந்தக் கழித்தல் 1989-இல் குவா வெளியிட்ட பிஎஸ்-ஸ்டார் முறையில் இருக்கிறது.

உங்களுக்குக் கூட்டல் விதிதான் பிடிக்கும் என்றால் அதற்கும் ஒரு வழி உண்டு. 1994-இல் ஜப்பானில் இகெடாவும் குழுவினரும் காட்டியது. ஆலைக்கான யூகத்தூரத்திலிருந்து பிளாக்குக்கான யூகத்தூரத்தைக் கழித்து, பாதியாக்கி, அதை முன்பக்கத்துக்கு வையுங்கள். பின்பக்கத்துக்கு அதையே குறி மாற்றி வையுங்கள். அப்படிச் செய்தால் பிளாக் 3.5, கோயில் 1.25, முச்சந்தி 0, பாலம் கழித்தல் 1.25, ஆலை கழித்தல் 3.5. ஒவ்வொரு சாலைத் துண்டின் நீளமும் இந்த வேறுபாட்டால் குறையும். கோயில் வழி 0.75, 0.5, 0.75 என்று மொத்தம் 2 ஆகிறது. முச்சந்தி வழி 1.5, 1.5 என்று 3 ஆகிறது. 9-உம் 10-உம் ஒரே 7-ஐ இழந்து 2-ஆகவும் 3-ஆகவும் நிற்கின்றன. இரண்டு தேடல்களும் ஒரே சுருங்கிய வரைபடத்தைப் பார்ப்பதால், அதன்மேல் சாதாரண இருதிசை டைக்ஸ்ட்ராவைப் பழைய கூட்டல் விதியோடு ஓட்டலாம்.

இதற்கும் விலை உண்டு. பாதியாக்கியதால் யூகம் மங்கிவிடுகிறது. ஆலை எங்கே என்று கை நீட்டிக் காட்டியவர் இப்போது தலையை மட்டும் அசைத்துக் காட்டுகிறார்.

#6 · ஏழாங்கட்டை · இரவு 11.02

இதைத்தான் சொல்ல வந்தேன். ஹியூரிஸ்டிக்கும் இருதிசையும் எண்ணெயும் தண்ணீரும்போல. 1971-இல் ஐரா போல் என்ற ஆய்வாளர் இதை முயன்றார். யூகம் இல்லாத இருதிசை நன்றாக ஓடியது, யூகத்தைச் சேர்த்ததும் எதிர்பார்த்த லாபம் வரவில்லை. எதிரெதிராக ஏவப்பட்ட இரண்டு ஏவுகணைகள் ஒன்றையொன்று உரசாமல் கடந்துபோவதுபோல, இரண்டு தேடல்களும் தனித்தனி வழியில் போய்விடுகின்றன என்பதுதான் அன்று சொல்லப்பட்ட காரணம். பாதி வேலைக்குப் பதில் இரண்டு முழு வேலை.

#7 · கிராணி மகள் · இரவு 11.48

அந்த ஏவுகணைக் கதையை இன்னும் எத்தனை நாள் சொல்லப்போகிறோம்? 1997-இல் கைண்டலும் கைன்ஸும் அதைச் சோதித்துப் பார்த்து மறுத்துவிட்டார்கள். இரண்டு தேடல்களும் கடந்துபோவதில்லை, நன்றாகவே சந்திக்கின்றன. நல்ல வழியும் சீக்கிரமே கிடைத்துவிடுகிறது. அதன்பிறகு "இதைவிடக் குறைந்த வழி இல்லை" என்று நிறுவுவதில்தான் நேரமெல்லாம் கரைகிறது.

லோரிக்கணக்கனின் வரைபடத்திலேயே இது தெரிகிறது. கோயிலைத் திறந்த நொடியில் 9 கிடைத்துவிட்டது. அது போதும் என்று அறிய இன்னும் வேலை செய்யவேண்டியிருந்தது. இங்கே ஒரு பாலம்தான். பெரிய வரைபடத்தில் அந்த மிச்ச வேலைதான் முக்கால்வாசி. கிடைத்த பொருளைத் தேடுவதில் சிரமமில்லை, இல்லாத பொருளை இல்லை என்று சொல்வதில்தான் சிரமம்.

முன்பக்கத்தின் ஒவ்வொரு சந்திப்பிலிருந்தும் ஆலைக்கு யூகிக்காமல், பின்பக்கத்தின் தற்போதைய எல்லைக்கே யூகித்தால் என்ன என்று 1977-இல் டி ஷாம்போவும் சின்ட்டும் செய்துபார்த்தார்கள். யூகம் கூர்மையாகிறது. ஆனால் இந்தப் பக்கத்து ஒவ்வொரு சந்திப்பையும் அந்தப் பக்கத்து ஒவ்வொரு சந்திப்போடும் ஒப்பிடவேண்டும். 100-க்கு 100 என்றால் 10,000 கணக்கு, ஒவ்வொரு அடியிலும் பட்டியல் மாறிக்கொண்டே இருக்கும். திறக்கும் சந்திப்புகள் குறையும், கடிகாரம் குறையாது.

#8 · பழைய கிராணி · சுங்கை சிப்புட் · காலை 6.15

பிள்ளைகள் பேசுவதை மூன்று நாளாகப் படிக்கிறேன். கணினி எனக்குப் புரியாது. தோட்டம் புரியும்.

எங்கள் காலத்தில் லயத்தில் எல்லார் வீட்டிலும் மாடு இருக்கும். சாயங்காலம் மாடு திரும்பவில்லை என்றால் இரண்டு பேர் கிளம்புவோம். ஒருவர் லயத்திலிருந்து, இன்னொருவர் ஆற்றங்கரையிலிருந்து, நடுவில் வந்து சேர்வோம். இதற்குப் பெயர்தான் இருதிசைத் தேடலா?

இன்னொன்று. தம்பி சொல்லும் பழைய பாலம் எது என்று எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். பலகைப் பாலம்தானே? குலை ஏற்றிய லோரி அதன்மேல் போகக்கூடாது. வெறும் லோரி போகலாம். நான் வேலையில் இருந்தபோதே அப்படித்தான்.

#9 · லோரிக்கணக்கன் · காலை 7.05

ஐயா! அதே பாலம்தான். அப்படியென்றால் என் நிரல் முதல் நாள் சொன்ன 10-தான் பாரம் ஏற்றிய லோரிக்குச் சரியான வழி. இரண்டு இரவு உட்கார்ந்து சரியான விடையைத் தவறாக மாற்றியிருக்கிறேன். என் மேலாளரிடம் இதைச் சொல்லப்போவதில்லை.

#10 · கிராணி மகள் · மதியம் 1.10

ஐயா, வணக்கம். உங்கள் மாடு நல்ல கேள்வி. நீங்கள் இருவரும் தேடியது எங்கே இருக்கிறது என்று தெரியாத ஒன்றை. இருதிசைத் தேடலில் இரண்டாமவர் மாட்டின் கழுத்திலிருந்து கிளம்பவேண்டும். போய்ச் சேரும் இடம் முன்கூட்டியே தெரிந்திருந்தால்தான் அங்கிருந்து பின்னோக்கி வரமுடியும். ஆலை தெரியும், அதனால் லோரிக்குச் சரி. மாட்டுக்குச் சரிவராது. சதுரங்கத்தில் எத்தனையோ நிலைகளில் எதிராளியை மடக்கலாம் என்பதால், எந்த நிலையிலிருந்து பின்னோக்கி வருவது என்பதே அங்கே பெரிய கேள்வியாகிவிடும்.

பாலம் விஷயம் தம்பிக்குக் கிடைத்த பரிசு. சாலைகள் இரண்டு பக்கமும் ஒன்றல்ல என்பதை நாம் மறந்தே போனோம். பாரத்தோடு ஒரு வரைபடம், வெறும் வண்டிக்கு வேறொரு வரைபடம். பின்பக்கத் தேடல் ஆலையிலிருந்து கிளம்பினாலும் அது வெறும் வண்டியின் திரும்பு பயணம் அல்ல. அதே பாரவண்டியின் பயணத்தைக் கடைசி அடியிலிருந்து முதல் அடிக்குப் படிப்பது. எனவே ஒவ்வொரு சந்திப்புக்கும் "இங்கிருந்து எங்கே போகலாம்" என்ற பட்டியலோடு "எங்கிருந்து இங்கே வரலாம்" என்ற பட்டியலும் வேண்டும். மேட்டில் ஏறும் சாலைக்கு நீங்கள் தூரத்துக்குப் பதில் டீசல் செலவை வைத்தால், பின்பக்கம் அந்தச் சாலையை மேலிருந்து பார்த்தாலும் ஏறும் செலவையேதான் எடுக்கவேண்டும், இறங்கும் செலவை அல்ல. இதில் தவறினால் நிரல் பிழை எதுவும் காட்டாது. அமைதியாகத் தவறான விடை தரும்.

டீசலுக்கு மாறினால் யூகத்தையும் மாற்றவேண்டும். நேர்க்கோட்டுக் கிலோமீட்டரோடு டீசல் லிட்டரைக் கூட்டக்கூடாது.

#11 · ஏழாங்கட்டை · மாலை 6.30

பாலத்தை நினைத்துச் சிரித்துக்கொண்டே எழுதுகிறேன். ஆனால் என் முதல் கேள்வியை யாரும் தொடவில்லை. இருதிசையால் எவ்வளவு லாபம்?

பாடப்புத்தகத்தில் போடும் கணக்கு மயக்கும். ஒவ்வொரு அடியிலும் 3 கிளை, ஆழம் 20 என்றால் கடைசி அடுக்கில் மட்டும் 3,486,784,401 நிலைகள். இரண்டு பக்கமும் 10 அடி போனால் பக்கத்துக்கு 59,049. இரண்டும் சேர்ந்து 118,098. மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. இதைப் பார்த்துவிட்டுத்தான் எல்லாரும் எல்லாவற்றுக்கும் இருதிசை என்று ஓடுகிறார்கள்.

தோட்டத்துச் சாலை அப்படிக் கிளைப்பதில்லை. அது தரையில் கிடக்கிறது. பிளாக்கிலிருந்து ஒரு பக்கமாகத் தேடினால் ஆலை வரையிலான ஆரத்தில் ஒரு வட்டத்தை நிரப்புகிறோம். இரண்டு பக்கமாகத் தேடினால் பாதி ஆரத்தில் இரண்டு வட்டங்கள். பாதி ஆரத்து வட்டம் கால் பரப்பு. இரண்டு கால் சேர்ந்தால் அரை. அவ்வளவுதான்! 412-இல் பாதி 206. இதற்காக இரண்டு பட்டியல், இரண்டு யூகம், தவறான நிறுத்தம், இரண்டு இரவுத் தூக்கம்.

#12 · கிராணி மகள் · இரவு 9.15

இதை மறுக்க மாட்டேன். இந்த இழையில் வந்ததிலேயே நல்ல பதிவு இதுதான். கிளைத்துக்கொண்டே போகும் புதிர்களுக்கு இருதிசை வரம், தரையில் கிடக்கும் வரைபடத்துக்குச் சின்ன உதவி. யூகத்தைச் சேர்த்தால் ஒரு பக்கத் தேடலே வட்டத்திலிருந்து ஆலை நோக்கிய ஒடுங்கிய வடிவமாகச் சுருங்கிவிடுவதால் அந்த உதவியும் தேயும்.

2015-இல் பார்க்கரும் கோர்ஃபும் இதையே பொதுவாக வாதிட்டார்கள். யூகம் வலுவாக இருந்தால் ஒரு பக்க ஏ-ஸ்டார் திறக்கும் நிலைகளில் பெரும்பாலானவை பாதித் தூரத்துக்கு உள்ளேயே முடிந்துவிடும். மறுபக்கத் தேடல் அங்கே எதையும் மிச்சப்படுத்தாது. யூகம் பலவீனமாக இருந்தால் யூகமே இல்லாத இருதிசை முந்திவிடும். நடுவில் இரண்டையும் சேர்ப்பதற்கு அதிக இடம் இல்லை.

அதோடு கடையை மூடியிருக்கலாம். ஆனால் அடுத்த ஆண்டே, 2016-இல், ஹோல்ட்டே, ஃபெல்னர், ஷாரோன், ஸ்டர்ட்டவன்ட் நால்வரும் எம்எம் என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். எனக்கு அது பிடித்ததற்குக் காரணம் அதன் எளிமை. ஒவ்வொரு சந்திப்புக்கும் இரண்டு எண்கள்: வழக்கமான "நடந்த தூரம் + யூகத்தூரம்" ஒன்று, நடந்த தூரத்தின் இரு மடங்கு இன்னொன்று. இரண்டில் பெரியதுதான் அதன் முன்னுரிமை. சிறியதை முதலில் திற.

14-ஆம் பிளாக்கில் போட்டுப் பாருங்கள் (பாலத்தை வெறும் வண்டிக்குத் திறந்துவைத்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள், ஐயா மன்னிக்கவும்). கோயில்: 8, 6. பெரியது 8. முச்சந்தி: 9, 10. பெரியது 10. கோயிலும் பாலமும் திறந்து 9 கிடைத்துவிட்டது. மீதியில் சிறியது 10, நிறுத்து. முச்சந்தி 5-இல் இருக்கிறது. மொத்த வழியில் பாதி 4.5. பாதியைத் தாண்டிய எதையும் எந்தப் பக்கமும் திறக்காது என்பதற்கு அந்த இரு மடங்கு உத்தரவாதம் தருகிறது. யூகம் எவ்வளவு மோசமாக இருந்தாலும் மிகையாகச் சொல்லாதவரை இந்த உத்தரவாதம் உடையாது.

2017-இல் சென், ஹோல்ட்டே, சில்லெஸ், ஸ்டர்ட்டவன்ட் இன்னும் ஒரு படி போனார்கள். முன்பக்கத்தில் ஒன்று, பின்பக்கத்தில் ஒன்று என்று இணையாகப் பார்க்கவேண்டும் என்பது அதன் கரு. ஒரு இணைக்கு மூன்று எண்கள்: அவரவர் மதிப்பு இரண்டு, இருவரும் நடந்த தூரங்களின் கூட்டுத்தொகை ஒன்று. மூன்றில் பெரியது அந்த இணையின் கீழ்வரம்பு. அது உண்மையான விடையைவிடக் குறைவாக இருந்தால், அந்த இணை வழியாகச் சிறந்த வழி ஒளிந்திருக்கலாம். இரண்டில் ஒன்றையாவது திறந்து பார்த்தே ஆகவேண்டும். எதைத் திறப்பது என்று யோசிக்காமல் இரண்டையும் திறந்துவிடுகிறது என்பிஎஸ் முறை. அதனால் தவிர்க்கவே முடியாத வேலையைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் ஒருபோதும் போகாது. அரை நூற்றாண்டாக "சில சமயம் நன்றாக ஓடுகிறது, சில சமயம் இல்லை" என்றே பேசிக்கொண்டிருந்த துறையில் இப்படி ஒரு வரம்பு கிடைத்தது.

#13 · பால்மரம் · சுங்கை சிப்புட் · இரவு 10.40

புதியவள். படிவம் 6 படிக்கிறேன். அண்ணன் சாலையில் செய்ததை நான் மரத்துக்கு மரம் செய்துபார்த்தேன். குலை வெட்டுபவர் ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்கு எத்தனை மரம் தாண்டிப் போகவேண்டும் என்று. யூகத்துக்கு நெடுக்கு வேறுபாட்டையும் குறுக்கு வேறுபாட்டையும் கூட்டினேன், புதிர்க் கட்டங்களுக்குச் செய்வதுபோல. சில இடங்களில் விடை தவறுகிறது.

#14 · கிராணி மகள் · இரவு 11.05

கண்ணு, செம்பனை சதுரமாக நடப்படுவதில்லை, முக்கோணமாக நடுவார்கள். மரத்துக்கு மரம் சுமார் 9 மீட்டர். ஒரு மரத்துக்கு ஆறு அண்டை மரங்கள், நான்கு அல்ல. சாய்ந்த வரிசையிலேயே 3 மரம் தாண்டினால் நீ 3 நெடுக்கும் 3 குறுக்கும் கடந்திருப்பாய். உன் யூகம் 6 என்கிறது, உண்மை 3. யூகம் மிகையாகச் சொல்லிவிட்டது. ஒரு பக்கத் தேடலிலும் அது தவறுதான். இருதிசையில் "இதைவிடக் குறைவு இல்லை" என்ற தீர்ப்பே யூகத்தை நம்பித்தான் எழுதப்படுகிறது என்பதால், பொய்ச் சாட்சியை வைத்து வழக்கை முடித்ததுபோல் ஆகிவிடும்.

சாய்ந்த திசையில் நெடுக்கும் குறுக்கும் சேர்ந்து நகரும்போது இரண்டில் பெரியதை எடு. எதிரெதிராக நகரவேண்டியிருந்தால் மட்டும் கூட்டு.

#15 · பழைய கிராணி · காலை 5.50

மகளே, யார் முக்கோணத்தில் நடக்கிறார்கள்? ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையில் வெட்டிய மட்டையை அடுக்கியிருக்கும். அதில் கால் வைத்தால் முள் குத்தும், பாம்பும் இருக்கும். வெட்டுபவர் நடப்பது இடைப்பட்ட பாதையில்தான். பக்கத்து மரம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும் சுற்றித்தான் போகவேண்டும்.

#16 · கிராணி மகள் · காலை 8.20

ஐயா சொன்னது வரைபடத்தை மாற்றுகிறது, யூகத்தைக் கெடுப்பதில்லை. மட்டை வரிசையைக் கடக்கும் இணைப்புகளை அழித்துவிடு, பால்மரம். வழி நீளுமே தவிரக் குறையாது. ஆகவே மட்டையே இல்லை என்று நினைத்துக் கணக்கிட்ட முக்கோண யூகம் இன்னும் மிகையாகச் சொல்லாது. நல்ல யூகங்கள் பெரும்பாலும் இப்படித்தான் கிடைக்கின்றன: ஒரு தடையை எடுத்துவிட்டு எளிதான கணக்கைப் போடுவது. சாலைக்கு நேர்க்கோடு எடுத்தபோது தம்பி செய்ததும் அதுதான், சாலைகளே இல்லை, பறந்து போகலாம் என்று நினைத்துக்கொண்டார்.

#17 · லோரிக்கணக்கன் · இரவு 9.30

இரண்டு வரைபடமும் ஆகிவிட்டது. பாரவண்டிக்கு 14-ஆம் பிளாக்கிலிருந்து 10 கிலோமீட்டர், திரும்பும் வெறும் வண்டிக்கு 9. எம்எம் முறையும் போட்டேன். ஒரு பக்க ஏ-ஸ்டாரோடு ஒப்பிட்டால் சில பிளாக்குகளில் குறைவாகத் திறக்கிறது, சிலவற்றில் அதிகமாகத் திறக்கிறது. ஏழாங்கட்டை அண்ணன் சிரிப்பது இங்கே கேட்கிறது.

கடைசியாக ஒன்று. என் அண்ணன் மகன் 15 கட்டைப் புதிரை (ஒரு காலிக் கட்டத்தை வைத்து எண் கட்டைகளை நகர்த்தி வரிசைப்படுத்துவது) இதில் போடு என்கிறான். போடலாமா?

#18 · ஏழாங்கட்டை · இரவு 9.52

சிரிக்கவில்லை, தம்பி. புதிர்தான் இருதிசைக்கு ஏற்ற நிலம். ஆனால் முதலில் 8 கட்டைப் புதிரில் போடுங்கள். அடையக்கூடிய நிலைகள் 181,440, மிகக் கடினமானதும் 31 நகர்த்தலில் முடியும். மடிக்கணினி தாங்கும். 15 கட்டையில் நிலைகள் 10 லட்சம் கோடிக்கு மேல். இருதிசையில் ஒரு பக்கத்தின் எல்லையையாவது நினைவகத்தில் வைத்திருந்தால்தான் சந்தித்ததே தெரியும். 1985-இல் கோர்ஃப் அந்தப் புதிரை ஒரு பக்கமாகவே, ஆழத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டு, மிகக் குறைந்த நினைவகத்தில் தீர்த்ததற்குக் காரணம் அதுதான். பையனிடம் 8 கட்டையைக் கொடுங்கள். நிறுத்தும் விதியை மட்டும் நீங்களே எழுதுங்கள்.

#19 · லோரிக்கணக்கன் · இரவு 10.01

சரி அண்ணே. பழைய கிராணி ஐயாவுக்கு ஒரு கேள்வி: 22-ஆம் பிளாக்குக்குப் பின்னால் இருக்கும் மண்சாலையில் மழைக்காலத்தில் பாரவண்டி போகுமா? என் வரைபடத்தில் அதைத் திறந்துதான் வைத்திருக்கிறேன்.

#20 · பழைய கிராணி · காலை 6.02

போகாது. நவம்பர் வந்தால் அச்சு வரை புதையும். டிராக்டர் வைத்து இழுக்கவேண்டும். அடைத்துவிடுங்கள்.